பொன்னிக்கரை முதலைகள் ஆள் எடுத்த கதை

வாங்க கண்ணுங்களா, கிட்ட வாங்க. ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தவங்க கொஞ்சம் நகர்ந்து மற்றவங்களுக்கும் இடம் விடுங்க. போனைக் கவிழ்த்து வையுங்க. பிறக்கவே பிறக்காத ஒரு பையனுக்குச் சீட்டுக் கொடுக்க, ஒரு கல்லூரியே கூடி நல்ல நேரம் பார்த்த கதையைச் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்க. வராவிட்டாலும் உங்க மேல் தப்பில்லை, இந்த வருடம் உங்க வீட்டில் யாரையாவது காலேஜில் சேர்த்திருப்பீங்க.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, கொள்ளிடக் கரையோரம், பொன்னிக்கரை கலை அறிவியல் கல்லூரி என்று ஒன்று இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் உடற்கல்வி இயக்குநர் முஜிபுர் ரஹ்மான். பாலக்கரையில் வீடு. ஒரு காலத்தில் மாவட்டக் கபடி அணிக்கு ஆடியவர், அதனால் உட்கார்ந்த இடத்தில் கால் நிற்காது, மேஜைக்கு அடியில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். கல்லூரியில் அவருக்கு எல்லாம் இருந்தது. மேஜை இருந்தது, நாற்காலி இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது. மைதானம்தான் இல்லை. அங்கே கல்லூரிப் பேருந்துகள் நின்றன. கபடிக் கோட்டின் மேல் டீசல் சொட்டிக்கொண்டிருந்தது.

இதைத் தாளாளர் ரெங்கராஜ் ஆண்டு விழாவில் சாதனையாகவே சொன்னார்.

"முன்னாடி நம்மகிட்ட மைதானம் இருந்துச்சு. பசங்க விளையாண்டாங்க. விளையாண்டா வேர்க்குது. வேர்த்தா தண்ணி கேக்குறான், விழுந்தா கட்டுப் போடச் சொல்றான், ஜெயிச்சா அடுத்த ஊருக்குப் போக பஸ் கேக்குறான். இப்ப கம்ப்யூட்டர்ல ஆடுற கபடிக்கு மாறிட்டோம். ஒருத்தனுக்கும் முட்டி பேராது. ஒரு அப்பனும் கேட்டுல வந்து கத்த மாட்டான். தரம் பாக்க வர்ற அதிகாரிங்க இதுக்குத்தான் சார் மார்க் போடுறாங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். முஜிபுர் ரஹ்மானும் தட்டினார். பக்கத்து நாற்காலிக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டமில்லை. ஊர் ஊராகக் கல்லூரிகள் அதில் அணி வைத்திருக்கின்றன. நம் அணிக்குப் பெயர் பொன்னிக்கரை முதலைகள். அணிக்கு ஆள் வேண்டுமே? கணினி, பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தானே உண்டாக்கி வைத்திருக்கும். பெயர், ஊர், அம்மா, தாத்தா, கோபதாபம் எல்லாம் உண்டு. உயிர் மட்டும் கிடையாது. அவர்களுக்குப் போன் போடலாம், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம், கடைசியில் 'சீட்டுத் தருகிறோம்' என்ற பொத்தானை அமுக்கலாம். அத்தனையும் திரையில்தான். தினமும் மதியம் மூன்று மணிக்குக் கதவு சாத்திவிடும். சீக்கிரம் அமுக்கினால் மற்ற கல்லூரிகள் பார்த்துவிட்டு அதற்கு மேல் ஒன்றைக் கொடுத்துப் பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நேரம் தப்பினால் கதவு சாத்திக் கிடக்கும். ஆக, எப்போது அமுக்குவது என்பதுதான் மொத்த ஆட்டமும்.

இதற்காகக் காலக் கணிப்புக் குழு என்று ஒன்றை ரெங்கராஜ் அமைத்தார். தலைவர், புள்ளியியல் பேராசிரியர் வகுளாபரணன். ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். அமுக்குகிற விரல் முஜிபுர் ரஹ்மானுடையது.

முதல் வீரன் ரெங்கராஜின் கைக்கடிகாரத்தால் போனான். அது எப்போதும் பத்து நிமிடம் முன்னால் ஓடும். "நிறுவனம் நடத்துறவன் காலத்துக்கு முன்னாடி இருக்கணும்" என்பார். அவர் "இப்ப!" என்றார், முஜிபுர் அமுக்கினார். காலத்துக்குப் பின்னால் இருந்த மற்ற கல்லூரிகள் சாவகாசமாகப் பார்த்தன. திருவெறும்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று, சீட்டோடு விடுதியில் ஜன்னலோரக் கட்டிலும் தருவதாகச் சொல்லி அவனைக் கொத்திக்கொண்டு போயிற்று.

இரண்டாவது வீரன் முறைப்படி போனான். இனி அனுமதி இல்லாமல் யாரும் அமுக்கக் கூடாது என்று உத்தரவானது. அமுக்க அனுமதி கோரும் கோப்பு மாடி ஏறி இறங்கியது. நிதி அலுவலர் அதில் ஒரு கேள்வி எழுதினார்: 'அமுக்குவதற்கு மூன்று இடங்களில் விலை விசாரிக்கப்பட்டதா?' கோப்பு திரும்பி வந்தபோது அந்த வீரன் வேறொரு கல்லூரிக்காக இரண்டு போட்டி ஆடி முடித்திருந்தான்.

"தோல்வியா? கிடையாது ஸ்வாமி" என்றார் வகுளாபரணன். "நாம பண்றது கணிப்பு. நூத்துல தொண்ணூறு நம்ம கைல, மீதி பெருமாள் திருவுள்ளம். ரெண்டு தடவையும் நம்ம கணிப்பு சரியாத்தான் இருந்தது. நடந்ததுதான் தப்பா நடந்துடுத்து."

மூன்றாவதாகத் திரையில் வந்தவன்தான் அடைக்கலராஜ். ஊர் உப்பிலியபுரம், தாய் பெயர் பவுனம்மாள், எதிராளிக் கோட்டுக்குள் பாடிப் போவதில் புலி. கணினி அவனுக்கு ஒரு பொம்மை முகம் போட்டிருந்தது. ரெங்கராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கண்ணுல ஒரு மரியாதை தெரியுது பாத்தீங்களா? இவனை விடக் கூடாது. நம்ம விளையாட்டு ஒதுக்கீட்டுல மிச்சம் இருக்குற சீட்ட இவனுக்கு எடுத்து வைங்க."

முஜிபுர் ரஹ்மானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நிஜச் சீட்டு. நிஜக் கல்லூரியில் நிஜப் பிள்ளை சேர்ந்து படிக்கிற சீட்டு. அந்த வருடத்துக்கு அது ஒன்றுதான் மீதி. அதை அவர் ஒரு பெண்ணுக்குச் சொல்லி வைத்திருந்தார். பச்சைமலையில் மரவள்ளி போடுகிற தர்மராஜின் மகள், மகாலட்சுமி. துறையூரில் நடந்த பள்ளிகள் போட்டியில் அந்தப் பெண் பாடிப் போனதைப் பார்த்துவிட்டு, "வாம்மா, நான் சீட்டு வாங்கித் தரேன்" என்று வாய்விட்டிருந்தார். சீட்டு இல்லையென்றால் அவள் சித்தியோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதாக வீட்டில் பேச்சு.

"சார், அது நிஜமான சீட்டு. இவன் கம்ப்யூட்டர் பையன்" என்றார்.

"தெரியுது. ஆனா கையில சீட்டு இல்லாம சீட்டுத் தரேன்னு சொல்றது மோசடி இல்லையா? நம்ம நேர்மையான நிறுவனம் முஜிப்."

"போன வருஷம் நூறு பேருக்கு ஹாஸ்டல் ரூம் தரேன்னோமே சார், இல்லாமலே."

"அது அட்மிஷன். இது விளையாட்டு. விளையாட்டுல நேர்மை முக்கியம்."

மறுநாள் காலையில் முஜிபுர் ரஹ்மான் இடியாப்பத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவர் மனைவி ஷரபுன்னிசா தேங்காய்ப்பாலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்னங்க, உக்காந்து சாப்பிடுங்களேன். அடைக்கலராஜ் சாப்பிட்டானோ என்னமோன்னு கவலையா?"

"கிண்டல் பண்ணாத ஷரபு. அந்தப் புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"எந்தப் புள்ளைக்கு? பொறந்ததுக்கா, பொறக்காததுக்கா?"

"பொறந்ததுக்குத்தான். அது நம்பிக்கிட்டு உக்காந்திருக்கு."

"அப்ப அந்த பட்டனை அமுக்குற விரலை வேற எதுக்காச்சும் நீட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஷரபுன்னிசா உள்ளே போய்விட்டார்.

நீட்டலாம் என்றுதான் அவரும் போனார். அதற்குள் திரையில் ஒரு செய்தி வந்து நின்றது: 'அடைக்கலராஜின் தாத்தா காலமானார். உங்கள் கல்லூரி என்ன செய்யும்?' கீழே 'இரங்கல் சொல்' என்று ஒரு பொத்தான். முஜிபுர் அதை அமுக்கப் போனபோது ரெங்கராஜ் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொத்தானை அமுக்கினா ஆச்சா? நம்ம ஊர்ல எழவுக்கு நேர்ல போகாம இருப்போமா?"

"எங்க சார் போறது?"

"உப்பிலியபுரம்னுதானே போட்டிருக்கு?"

கல்லூரியில் இரண்டு நிமிட மௌனம் காக்கப்பட்டது. அரை நாள் விடுமுறை என்றதும் மாணவர்கள் தாத்தாவுக்காக உண்மையாகவே மகிழ்ந்தார்கள். "தாத்தா பரமபதிச்சது நமக்கு அனுகூலம்" என்று வகுளாபரணன் ரெங்கராஜின் காதில் சொன்னார். "துக்கத்துல இருக்கறவா கிட்ட பேச்சு சட்டுனு எடுபடும்னு தரவு சொல்றது."

மறுநாள் விடிந்ததும் கல்லூரிப் பேருந்து, ரோஜா மாலையையும் முஜிபுர் ரஹ்மானையும் ஏற்றிக்கொண்டு உப்பிலியபுரம் கிளம்பியது. அன்றுதான் எல்லாவற்றுக்கும் கடைசி நாள். மூன்று மணிக்குத் திரையில் சீட்டுப் பொத்தான் மூடும், நாலு மணிக்குள் வீரனோடு பேசி முடிக்க வேண்டும். நிஜ உலகத்தில், விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கை எல்லாக் கல்லூரியிலும் ஐந்து மணியோடு முடிகிறது. முஜிபுர் பேருந்தில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்.

உப்பிலியபுரத்து டீக்கடைக்காரர் மாலையைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்.

"எந்த அடைக்கலராஜுங்க?"

"கபடி ஆடுற பையன். அம்மா பேரு பவுனம்மாள். தாத்தா தவறிட்டாரு."

"எங்க ஊர்ல இந்த மாசம் யாருமே சாகலியே சார்" என்றார் டீக்கடைக்காரர், ஏதோ தன் தவறுபோல. "ஒரு வாரம் கழிச்சு வாங்களேன். எதிர் வீட்டுப் பெரியவருக்கு மேலுக்கு முடியல."

மாலையை டிரைவர் பேருந்தின் நெற்றியில் கட்டிக்கொண்டார். திரும்பும் வழியில், மலையடிவார நிறுத்தத்தில் ஓர் அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள். மலையிலிருந்து இறங்கும் பேருந்து தாமதமாக வந்து, துறையூர்ப் பேருந்தை விட்டிருந்தார்கள். அப்பா காலடியில் ஒரு மூட்டை. மகள் கையில் சான்றிதழ்ப் பை.

"நிறுத்துய்யா, நிறுத்து!" என்று முஜிபுர் ரஹ்மான் கத்தினார்.

"சார், நீங்களே வந்துட்டீங்களா!" என்று மகாலட்சுமி சிரித்தாள். தர்மராஜ் மாலையைப் பார்த்து வெட்கப்பட்டார். "எங்களுக்குப் போயி மாலை எல்லாம் எதுக்குங்க சார்."

முஜிபுர் மாலையைப் பார்க்காமல் குனிந்தார். மூட்டையை ஒரு கை பிடித்து ஏற்றினார்.

கல்லூரி வாசலில் ரெங்கராஜ் காத்திருந்தார். மூட்டையிலிருந்து எட்டிப் பார்த்த மரவள்ளிக் கிழங்கைப் பார்த்ததும் அவர் அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். "அங்கேர்ந்தா வருது? பவுனம்மாள் குடுத்தனுப்பிச்சாங்களா?"

"இல்ல சார், இவரு தர்மராஜ், இவங்க பொண்ணுதான்..."

"துக்கத்துலயும் நம்மள நெனச்சிருக்காங்க பாருங்க. தாய் மனசு சார் அது! வேக வைக்கச் சொல்லுங்க."

கிழங்கு உள்ளே போனது. அதைக் கொண்டுவந்தவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"பவுனம்மா யாருங்க சார்?" என்று தர்மராஜ் கேட்டார்.

"அடைக்கலராஜோட அம்மா."

"அவரு யாருங்க?"

"இல்லாதவருங்க."

"ஐயோ பாவம். எப்ப தவறினாரு?"

முஜிபுர் ரஹ்மான் உள்ளே ஓடினார். மூன்று மணிக்குச் சில நிமிடங்களே இருந்தன. குழு முழுவதும் கூடியிருந்தது. அன்று ஓர் அதிசயம் நடந்தது. ரெங்கராஜின் வாயில் கிழங்கு, வகுளாபரணனின் வாயில் அதைவிடப் பெரிய கிழங்கு. யாராலும் "இப்ப" என்று சொல்ல முடியவில்லை. முஜிபுர் தானே பார்த்து அமுக்கினார். கல்லூரி வரலாற்றில் முதல்முறையாகச் சரியான நேரத்தில் அமுக்கப்பட்டது.

அடைக்கலராஜின் பதில் வந்தது: 'அம்மாகிட்ட சொல்லிட்டேங்க. எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வரேங்க.'

கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'வரவேற்கிறோம்'. மற்றது 'போகாதே, இன்னொரு முறை பேசுவோம்'. தப்பானதை அமுக்கினால் பையன் போய்விடுவான்.

"வந்துட்டான்யா!" என்று ரெங்கராஜ் கையை உயர்த்தினார்.

"பொறுங்கோ ஸ்வாமி" என்றார் வகுளாபரணன். "வரேன்னா வரேன்னு அர்த்தமா? நம்மாத்துக்கு வர்றவா கிளம்பறச்சே என்ன சொல்றா? போறேன்னா சொல்றா? வரேன்னுதானே சொல்றா?"

உயர்ந்த கை அப்படியே நின்றது. ஆமாம், இந்த ஊரில் யார்தான் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்? கடன்காரன்கூட "வரேன்" என்றுதான் போகிறான். தமிழ்த் துறைத் தலைவர் பானுப்ரியாவை அழைத்து வந்தார்கள். நாலரை வருடமாக அவரை யாரும் எதற்கும் அழைத்ததில்லை. அவர் எழுந்து நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"பேசுபவன் நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும். அவன் தன் வீட்டில் நின்று சொன்னால் அது வருகை. நம் வீட்டில் நின்று சொன்னால் விடைபெறுதல். எனவே அடைக்கலராஜ் இப்போது எங்கே நிற்கிறான் என்று முதலில் தெளிய வேண்டும்."

"அவன் எங்க இருக்கான் முஜிப்?" என்றார் ரெங்கராஜ்.

"எங்கயும் இல்ல சார்."

"அதான், எங்கன்னு பாத்துச் சொல்லுங்க."

முஜிபுர் ரஹ்மானின் கால் மேஜையை உதைக்க, தட்டிலிருந்த கிழங்கு உருண்டது. "சார், வெளிய ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. எங்க இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். அந்தச் சீட்ட அதுக்குக் குடுத்துடுங்க. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

"உக்காரட்டும். பெஞ்சு இருக்குல்ல?"

அப்போது கதவோரம் தர்மராஜ் கைகூப்பி நின்றார். பின்னால் மகாலட்சுமி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"சார், நேரமாச்சுங்க. இதை விட்டா மலைக்கு பஸ் கிடையாது. வரேங்க."

அறை துள்ளி எழுந்தது. "இதோ வாழும் சான்று!" என்றார் பானுப்ரியா. "ஐயா, நீங்கள் இப்போது சொன்னதற்கு என்ன பொருள்?"

"கிளம்புறோம்னு அர்த்தங்கம்மா" என்றார் தர்மராஜ், பயந்துபோய்.

"ஒரே ஒரு ஆளை வச்சு முடிவு பண்ணப்படாது" என்று வகுளாபரணன் தலையசைத்தார். "புள்ளியியல்ல முப்பது பேர் இல்லாம எதுவும் சொல்லப்படாது. இன்னும் ஒரு இருபத்தொன்பது பேராவது வரேன்னு சொல்லணும்."

"பெரியவரே, கொஞ்சம் வெளிய போயிட்டு, மறுபடி உள்ள வந்து, இன்னொருக்கா சொல்லிட்டுப் போங்க" என்றார் ரெங்கராஜ்.

தர்மராஜ் போனார், வந்தார், சொன்னார். மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னார்கள். மகாலட்சுமி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும்ப்பா. இவங்களுக்கு நம்ம வரேன்னு சொன்னா புரியல. வா, போலாம்."

போகலாம் என்ற அந்த ஒரு சொல் முஜிபுர் ரஹ்மானின் முதுகில் தட்டியது. அவர் எழுந்து நடந்தார். "முஜிப், விரல்! விரல் இல்லாம எப்படி?" என்று பின்னால் ரெங்கராஜின் குரல் கேட்டது.

மூன்று பேரும் ஓர் ஆட்டோவில் ஏறினார்கள். டவுனில் மைதானம் உள்ள ஒரு கல்லூரியில் அமிர்தம் உடற்கல்வி இயக்குநராக இருந்தார், முஜிபுரோடு ஒன்றாகப் படித்தவர். காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. முஜிபுர் ஆட்டோவிலிருந்து ஒரு காலை வெளியே போட்டபடியே இருந்தார், தரையை உதைத்து வண்டியைத் தள்ளிவிடலாம் என்பதுபோல. போனில் அமிர்தத்திடம், "ஒரு சீட்டு வச்சிருக்கியா? வச்சிரு! வந்துட்டே இருக்கேன்!" என்று கத்தினார். இந்தப் பக்கம் மகாலட்சுமி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா?" என்றார் தர்மராஜ்.

"எறங்குனதும் ஓடணும்ல."

இறங்கியதும் ஓடினாள். அமிர்தம் மைதானத்து நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"என்ன முஜிப், அதிசயமா உசுரோட ஒரு புள்ளையக் கூட்டிட்டு வந்திருக்க! ஆட வருமா?"

"நீயே பாரு."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மகாலட்சுமி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். எதிரே ஏழு பேர், கல்லூரி அணிப் பெண்கள். பாடிக்கொண்டு போனாள். ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள், இன்னொருத்தி இடுப்பில் விழுந்தாள். புழுதிக்குள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டில் கையை வைத்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. தர்மராஜ் பதறி எழுந்தார், அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"சர்டிபிகேட்ட எடும்மா" என்றார் அமிர்தம். "ஆபீஸ் பூட்டுறதுக்குள்ள ஓடு, ஓடு! கைய அப்பறம் கழுவிக்கலாம்."

சான்றிதழில் செம்மண் கைத்தடம் பதிந்துதான் அவள் சேர்ந்தாள்.

அங்கே பொன்னிக்கரையில், பானுப்ரியா பேசிக்கொண்டிருக்கும்போதே நாலு மணி அடித்து, திரை மூடி, அடைக்கலராஜ் போய்விட்டான். வந்தானா போனானா என்பது கடைசிவரை தெரியவில்லை. நிஜச் சீட்டும் காலியாகவே போயிற்று. ரெங்கராஜ் மறுநாள் உரை நிகழ்த்தினார்: "இதுல வருத்தப்பட ஒண்ணும் இல்ல. சொல்லாமக் கொள்ளாமப் போற காலத்துல, பையன் சொல்லிட்டுப் போயிருக்கான். அப்பேர்ப்பட்ட பையனுக்காக ஒரு சீட்டையே காலியா வச்ச கல்லூரி தமிழ்நாட்டுல வேற எது?"

முஜிபுர் ரஹ்மானிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள், பணி நேரத்தில் உயிருள்ள ஒரு மாணவியோடு வெளியேறிய குற்றத்துக்கு. அவர் அதன் அடியிலேயே 'வரேங்க' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அது ராஜினாமாவா, வேலைக்கு வருகிறார் என்பதா என்று முடிவு செய்யக் காலக் கணிப்புக் குழு வாரா வாரம் கூடுகிறது. இருபத்தொன்பது பேரைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். அதுவரை அவர் காலையும் மாலையும் அமிர்தத்தின் மைதானத்தில் நிற்கிறார். ஷரபுன்னிசா சோற்று டப்பாவில் இப்போது மகாலட்சுமிக்கும் சேர்த்து இரண்டு ஆளுக்குக் கட்டுகிறார்.

பல்கலைக்கழகப் போட்டியில் மகாலட்சுமி கோப்பை வாங்கியபோது, கொள்ளிடக் கரையில் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று முளைத்தது. அதில் ரெங்கராஜ் கைகூப்பிச் சிரித்தார். 'எங்கள் கல்லூரிப் பெஞ்சில் ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்த வீராங்கனைக்கு வாழ்த்துகள்!' அந்த வழியாகப் பேருந்தில் போன மகாலட்சுமி அதைத் தோழிகளுக்குக் காட்டிக் காட்டிச் சிரித்தாளாம். பேருந்தே சிரித்ததாம்.

எழுந்துக்கோங்க கண்ணுங்களா, கால் மரத்துப் போயிருக்கும். உங்க வீட்டுப் பிள்ளைங்க தட்டுகிற கதவு தட்டின அன்னைக்கே திறக்கட்டும். புழுதிக் காலோடு ஓடி வந்து உங்க கூடத்தைப் பாழாக்குகிற பிள்ளைங்க வீடு நிறைய இருக்கட்டும். துடைக்கிற கைக்கு அலுப்புத் தெரியாமல் இருக்கட்டும். உங்க உலையில் எப்போதும் ஒரு ஆளுக்கு அதிகமாகவே அரிசி வேகட்டும். எல்லாரும் நல்லா இருங்க.